மென்பொருளுக்கும் வேண்டும் விடைக்குறிப்பு

ஜூன் மாதம். ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியல் மேசையின் ஒரு பக்கம். நம் பள்ளியில் சேர்ந்தவர்களின் பட்டியல் மறுபக்கம். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, எங்கும் சேராத மாணவர் யார் என்று கண்டறிய வேண்டும். பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

இந்த ஒப்பிடும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்று பல உண்டு. விரிதாளில் நாமே எழுதும் சூத்திரத்திலிருந்து, 'ஓபன்ரிஃபைன்' போன்ற இலவசக் கருவிகள், பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த கருவிகள் வரை வரிசை நீளுகிறது. புதிய கருவி ஒன்று பள்ளிக்கோ குறுவள மையத்துக்கோ வரும்போது, பயன்படுத்திப் பார்த்த ஆசிரியரிடம் கருத்துக் கேட்கிறார்கள். "அருமையாக இருக்கிறது" என்கிறோம். அல்லது "நெட் கிடைக்கவில்லை, வேலைக்கு ஆகாது" என்கிறோம். இரண்டுமே மனத்தில் பட்டதைச் சொல்வதுதான். மதிப்பீடு என்பது வேறு.

நடுநிலையான மதிப்பீடு நமக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் முகாமில் செய்வதுதான் அது. அங்கே பின்பற்றும் அதே நெறிகளைக் கொண்டு ஒரு தரவு ஒருங்கிணைப்புக் கருவியையும் திருத்த முடியும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

இரண்டு பட்டியல், ஒரு குழந்தை

வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவுகளைச் சேர்த்து ஒன்றாக்குவதே தரவு ஒருங்கிணைப்பு. பள்ளிக் கல்வியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு யூடைஸ். முன்பு தொடக்கக் கல்விக்கு 'டைஸ்', இடைநிலைக் கல்விக்கு 'செமிஸ்' என்று தனித்தனியே விவரம் திரட்டினார்கள். 2012-13இல் இரண்டும் இணைந்து யூடைஸ் ஆனது. 2018-19இல் அது யூடைஸ் பிளஸ் ஆயிற்று. 2022-23 முதல் வகுப்புவாரி மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே பதிவாகிறது.

பள்ளிகளை ஒப்பிடுவது எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், அடுத்த மூன்று ஊர், கடைசி இரண்டு பள்ளி. எண் பொருந்தினால் பள்ளி பொருந்திவிட்டது.

குழந்தைகளை ஒப்பிடுவது அவ்வளவு எளிதல்ல. எமிஸ் எண் இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்கு எமிஸ் எண் இராது. சில பிள்ளைகளிடம் ஆதார் இராது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமல்ல என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், இருந்தே ஆக வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியாது. எண் இல்லாதபோது பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றைக் கொண்டுதான் 'இவரும் அவரும் ஒருவரே' என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த வேலைக்குப் 'பதிவு இணைப்பு' என்று ஒரு துறையே உண்டு. 1946இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் ஹால்பர்ட் டன் இதை விளக்கி எழுதினார். பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவரைப் பற்றிய பதிவுகள் ஒரு புத்தகத்தின் சிதறிய பக்கங்கள், அவற்றைச் சேர்த்துக் கட்டுவதே பதிவு இணைப்பு என்பது அவர் தந்த உவமை. 1969இல் ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் அதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். அதன் சாரம் எளிது: அரிதான பெயர் பொருந்தினால் அது வலுவான சான்று, எல்லாருக்கும் உள்ள பெயர் பொருந்தினால் அது வலுவற்ற சான்று.

கடையநல்லூர்ப் பட்டியல்

இதைக் கடையநல்லூரில் வைத்துப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராஜபாளையம்–தென்காசி சாலையில் உள்ள ஊர். கேரள எல்லை அருகில். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்கள் பல. இங்குள்ள ஒரு வகுப்பின் வருகைப் பதிவேடு, எந்த மென்பொருளுக்கும் நல்ல வினாத்தாள் ஆகும்.

முதலில், பெயரின் எழுத்து. முகம்மது, முகமது, முஹம்மது என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிரெழுத்து 'யூ'வா 'ஓ'வா, நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா என்று இன்னும் பெருகும். முப்புடாதியை முப்பிடாதி என்றும் எழுதுகிறோம். கயல்விழியின் 'ழி'க்கு ஒருவர் 'இசட், எச்' போடுவார், மற்றொருவர் 'எல்' போடுவார்.

இரண்டாவது, முன்னெழுத்து. ச. கோமதி என்பார் ஒரு பதிவில். கோமதி ச. என்பார் மற்றொன்றில். ஆதாரில் கோமதி சங்கரன் என்று இருக்கும். மூன்றும் ஒரே சிறுமி.

மூன்றாவது, ஊர். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய சான்றிதழ்களில் கடையநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டப் பெயர் பொருந்தாவிட்டால் வேறு ஆள் என்று முடிவு செய்யும் கருவி, ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளையை இருவராக்கிவிடும்.

நான்காவது, தேதி. 03-04-2012 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி அமைந்த மென்பொருளுக்கு அது மார்ச் 4.

ஒலி ஒற்றுமையைக் கொண்டு பெயர்களை இணைக்கும் 'சவுண்டெக்ஸ்' என்ற பழைய முறை, இன்றும் பல கருவிகளில் இருக்கிறது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக மாற்றும். முகம்மதுவின் மேலே சொன்ன ஆங்கில எழுத்து வடிவங்கள் இதில் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன, அது நல்லது. ஆனால் கோமதியை 'ஜி'யில் தொடங்கி எழுதினால் ஒரு குறியீடு, 'கே'யில் தொடங்கினால் வேறு குறியீடு. கயல்விழியின் இரண்டு வடிவங்களும் பிரிந்துபோகின்றன. ஓர் ஊரின் பெயர்களுக்காகச் செய்த முறை இன்னோர் ஊரின் பெயர்களிடம் தடுமாறுகிறது. அதைத் தயாரித்தவர்களுக்கு நம் பிள்ளைகள் மீது பகை ஏதுமில்லை. நம் பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதை நாம் சோதிக்க வேண்டும்.

திருத்தும் முகாமின் நெறிகள்

ஒன்று: விடைக்குறிப்பு முதலில். விடைத்தாளைப் பார்த்தபின் விடைக்குறிப்பு தயாரிப்பதில்லை. கருவியைத் திறப்பதற்கு முன்பே, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று தாளில் எழுதிவிட வேண்டும். சரியான இணைப்புக்கு இவ்வளவு, தமிழ் எழுத்தைச் சிதைக்காமல் காட்டுவதற்கு இவ்வளவு, இணையம் அறுந்தால் உள்ளிட்டது காக்கப்படுகிறதா என்பதற்கு இவ்வளவு. செயல்விளக்கம் பார்த்துவிட்டு எழுதினால், அங்கே பளிச்சென்று தெரிந்ததற்கே நம்மை அறியாமல் அதிக மதிப்பெண் வைப்போம்.

இரண்டு: எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். ஒரு கருவிக்கு ஒழுங்கான பட்டியலையும் மற்றொன்றுக்குக் குழப்பமான பட்டியலையும் கொடுத்துவிட்டு ஒப்பிடக் கூடாது. ஒரே கோப்பு, ஒரே கணினி, ஒரே இணைய இணைப்பு. இப்போது நாம் பயன்படுத்தும் முறையும், அது கையால் ஒப்பிடுவதாக இருந்தாலும், அதே தேர்வை எழுத வேண்டும். பழைய முறையின் எரிச்சல் நினைவில் இருப்பதாலேயே புதியது நல்லதாகத் தோன்றும். கை பழகியதாலேயே பழையது நல்லதாகத் தோன்றுவதும் உண்டு.

மூன்று: வினாத்தாளை விற்பனையாளர் தயாரிக்கக் கூடாது. அவர் கொண்டுவரும் மாதிரிப் பட்டியலில் அவருடைய கருவி தோற்பது அரிது.

நான்கு: முகப்புச் சீட்டைப் பிரித்துவிட வேண்டும். கருவிகள் தந்த முடிவுகளை ஒருவர் அச்செடுத்து, பெயரை நீக்கி 'அ', 'ஆ' என்று மட்டும் குறித்துக் கொடுக்கட்டும். திருத்துபவருக்கு எது இலவசக் கருவி, எது விலையுயர்ந்தது, எது உயர் அலுவலர் விரும்பியது என்று தெரியாமல் இருப்பது நல்லது. அழகான கையெழுத்து நம்மை மயக்குவதுபோல் அழகான திரையும் மயக்கும். அச்சுத்தாளில் அந்த மயக்கம் இல்லை.

ஐந்து: இருவர் திருத்த வேண்டும். உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் பார்க்கிறார்கள் அல்லவா? இங்கேயும் இருவர் தனித்தனியே திருத்தி, வேறுபடும் இடத்தில் மூன்றாமவர் முடிவு செய்யட்டும். சரியான விடைப் பட்டியலையும் இப்படித்தான் தயாரிக்க வேண்டும். 'இந்த இரு பதிவும் ஒரே மாணவர்தான்' என்பதற்குச் சேர்க்கை நீக்கல் பதிவேடும் வகுப்பாசிரியரும் சாட்சி.

ஆறு: மறுமதிப்பீட்டுக்கு இடம் தர வேண்டும். கருவி செய்த தவறுகளைத் தயாரித்தவரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம். அமைப்பில் ஒன்றை மாற்றினாலே சரியாகும் தவறாகவும் இருக்கலாம். ஆனால் திருத்திக்கொண்டு வந்த கருவிக்கு அதே பட்டியலை மறுபடி கொடுக்கக் கூடாது. வெளியான வினாத்தாளில் மறுதேர்வு நடத்துவதில்லையே! புதிய பட்டியல் வேண்டும்.

எந்தத் தவறு பெரிய தவறு?

இப்போது ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் 150 பேர், அவர்களில் 120 பேர் ஒன்பதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று விடைப் பட்டியல் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

கருவி 'அ' 110 பேரை இணைக்கிறது. அவற்றில் 108 சரி, 2 தவறு. 12 பேரை விட்டுவிட்டது.

கருவி 'ஆ' 125 பேரை இணைக்கிறது. அவற்றில் 117 சரி, 8 தவறு. விட்டது 3 பேரை மட்டும்.

இணைத்தவற்றில் எத்தனை சரி என்று பார்த்தால் 'அ'வுக்கு 98.2 சதவீதம், 'ஆ'வுக்கு 93.6 சதவீதம். இணைக்க வேண்டியவற்றில் எத்தனையை இணைத்தது என்று பார்த்தால் 'அ'வுக்கு 90 சதவீதம், 'ஆ'வுக்கு 97.5 சதவீதம். 'ஒரே சதவீதத்தில் துல்லியம் சொல்லுங்கள்' என்று விளம்பரத்தாளைக் கேட்டால், தனக்குச் சாதகமானதைத்தான் அது சொல்லும். இரண்டையும் கேட்க வேண்டும்.

எது சிறந்த கருவி? என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. இடைநின்ற பிள்ளைகளைத் தேடுவதுதான் வேலை என்றால், 'அ' விட்டுவிட்ட 12 பேரின் வீட்டுக்கு நாம் வீணாகப் போவோம். "சார், பிள்ளை பள்ளிக்கூடத்துலதான் இருக்கான்" என்பார்கள். திரும்பி வருவோம். நஷ்டம் ஒரு மாலைப் பொழுது. ஆனால் 'ஆ' தவறாக இணைத்த எட்டில், எங்கும் சேராத பிள்ளை ஒன்று இருந்தால்? பட்டியலில் அந்தப் பிள்ளை 'சேர்ந்துவிட்டது'. அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். தறிக்கூடத்திலோ கடையிலோ நிற்கும் அந்தப் பிள்ளையை யாரும் தேடவும் மாட்டார்கள்.

வேலை வேறாக இருந்தால் தீர்ப்பும் மாறும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு மாணவியின் நடுநிலைப் பள்ளிப் பதிவும் மேல்நிலைப் பள்ளிப் பதிவும் இணையாமல் போனால், உரிமை உள்ளவளே அலைந்து சான்று காட்ட வேண்டியிருக்கும். அங்கே விட்டுப்போவது பெரிய தவறு. ஆகவே 'எந்தத் தவறுக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது' என்பதையும் விடைக்குறிப்பிலேயே முன்கூட்டி எழுதிவிட வேண்டும்.

சராசரி மறைப்பது

மேலே கண்ட 'அ' கருவி 12 பேரை விட்டது. அது 120க்கு 10 சதவீதம்தான். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று பிரித்துப் பார்க்கிறோம். முகம்மது, செய்யது, அப்துல் என்று தொடங்கும் பெயருடையவர்கள் பட்டியலில் 40 பேர் என்றும், விட்டுப்போனவர்களில் 9 பேர் அவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நாற்பது பேரிடையே தவறு 22.5 சதவீதம். மற்ற எண்பது பேரிடையே 3.75 சதவீதம். கருவி ஒன்றுதான், ஆனால் வகுப்பில் ஒரு பகுதிப் பிள்ளைகளை ஆறு மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

நாம் காட்டும் பாரபட்சம் ஒரு வகை, கருவிக்குள் இருக்கும் பாரபட்சம் மற்றொரு வகை. முதலாவதை மேற்சொன்ன நெறிகள் தடுக்கும். இரண்டாவதைக் கண்டறிய முடிவுகளைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆண், பெண், ஆதார் உள்ளவர், இல்லாதவர், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர், பெயரின் வகை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மதிப்பெண் போட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் போதிய பேர் இருக்குமாறு வினாத்தாளையும் அமைக்க வேண்டும். இரண்டு பேரை வைத்து ஒரு பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

போனதெல்லாம் வந்ததா?

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்தது இது. கொரோனா ஆய்வக முடிவுகளை ஒருங்கிணைக்கும்போது, பழைய எக்செல் கோப்பு வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் இடம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமானது.

ஆகவே மிக எளிய சோதனை ஒன்றை மறக்க வேண்டாம். உள்ளே எத்தனை வரி போனது, வெளியே எத்தனை வந்தது, இணையாதவை எத்தனை என்று எண்ண வேண்டும். வகுப்பில் தலை எண்ணுவது போன்றதுதான். எண்களின் இலக்கங்களையும் பார்க்க வேண்டும். விரிதாள் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் காக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். முன்னால் உள்ள சுழியங்களும் காணாமல் போகும். அந்தக் கட்டங்களை 'எழுத்து' வகையாக அமைத்தபின் உள்ளிட வேண்டும். இதைக் கருவி தானாகச் செய்கிறதா, எச்சரிக்கையாவது தருகிறதா என்பதற்கும் ஒரு மதிப்பெண் வைக்கலாம்.

சோதனைக்கு உண்மைப் பிள்ளைகள் வேண்டாம்

கருவியைச் சோதிக்கிறோம் என்று சொல்லி மாணவர்களின் பெயர், ஆதார், தொலைபேசி எண்களை வெளிக் கருவி எதிலும் ஏற்றக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கோருகிறது. தலைமையாசிரியரின் அனுமதியோடு, உண்மைப் பட்டியலில் காணும் எழுத்து மாற்றங்களையும் விடுபாடுகளையும் அப்படியே வைத்து, பெயரையும் எண்ணையும் மாற்றிக் கற்பனைப் பட்டியல் தயாரிக்கலாம். தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, அழிக்கச் சொன்னால் அழிகிறதா, நம் பட்டியலை வேறு கருவிக்கு எடுத்துச் செல்ல முடிகிறதா என்பவையும் விடைக்குறிப்பில் இடம்பெற வேண்டிய வினாக்கள்.

அறிக்கை

'நன்று', 'சுமார்' என்ற சொற்கள் அறிக்கையில் வேண்டாம். எத்தனை பதிவில் எத்தனை சரி, எத்தனை தவறு, எத்தனை விடுபட்டது, ஆசிரியருக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுவோம். கருவியின் பதிப்பு எண், சோதித்த தேதி, இணைய வேகம் ஆகியவையும் வேண்டும். கருவி தயாரித்தவரோடு திருத்தியவருக்கு உறவோ, பயிற்சிப் பணியோ, வேறு பலனோ இருந்தால் அதையும் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். உறவினர் தேர்வு எழுதும் மையத்தில் நாம் பணியேற்காததுபோல், அப்படிப்பட்டவர் திருத்தாமல் இருப்பது இன்னும் நல்லது. எதைச் சோதிக்கவில்லை என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நாற்பது வரியில் வென்ற கருவி, மாவட்டம் முழுமைக்கும் வெல்லும் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து, தம் வகுப்பில் அடிக்கடி குழப்பம் தரும் பெயர் வகைகளை நினைவுகூர்ந்து நாற்பது வரிக் கற்பனைப் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். இருவர் தனித்தனியே விடை எழுதட்டும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து எந்தக் கருவி வந்தாலும், "எப்படி இருக்கிறது?" என்று யார் கேட்டாலும், முதலில் அந்த நாற்பது வரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பிள்ளையை அது தவறவிடும் என்று ஜூன் மாதம் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த வீடுகளுக்கு நாமே நடந்து போய்விடலாம்.